இயந்திரத்தை நோயாளி ஆக்குங்கள், வாத்தியார் ஆக்கவேண்டாம்

கேள்வி: வன்னியில் ஓர் ஆதார வைத்தியசாலையில் விடுதிப் பொறுப்புத் தாதியாக இருக்கிறேன். புதிதாக வந்த பிள்ளைகள் வேலையில் கெட்டிக்காரர்கள். ஆனால் சனத்தோடு கதைக்கும் விதம் சரியில்லை. "மிஸ்ஸி எரிஞ்சு விழுகிறா" என்று முறைப்பாடு வராத வாரமே இல்லை. எங்கள் இளம் டொக்டர் ஒருவர், சாட்ஜிபிடியை நோயாளிபோல நடிக்கவைத்து இவர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்கிறார். டொக்டர்மாரைவிட அது பரிவாகப் பதில் சொல்கிறது என்று ஆராய்ச்சியே வந்திருக்கிறதாம். மூத்த தாதிமார் "மெசினிட்டயோ இரக்கம் படிக்கிறது?" என்று சிரிக்கிறார்கள். எனக்கும் பாதி மனம்தான். செய்யலாமா? செய்வதென்றால் எப்படி?

பதில்:

வணக்கம் சிஸ்டர்.

செய்யலாம். ஆனால் அதை நோயாளியாக வைத்துக்கொள்ளுங்கள், வாத்தியாராக வைக்காதீர்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மிச்சமெல்லாம் செய்முறைதான்.

முதலில் அந்த ஆராய்ச்சி. டொக்டர் சொன்னது 2023இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தினர் செய்ததாகத்தான் இருக்கவேண்டும். இணையத்தில் பொதுமக்கள் கேட்டிருந்த 195 மருத்துவக் கேள்விகளை எடுத்து, டொக்டர்மார் அங்கே எழுதிய பதிலையும் சாட்ஜிபிடி எழுதிய பதிலையும் எது யாருடையது என்று சொல்லாமல் மருத்துவத் துறையினரிடம் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். பரிவானது, மிகப் பரிவானது என்று பெயர் வாங்கியவை இயந்திரத்தின் பதில்களில் 45.1 சதவீதம், டொக்டர்மாரின் பதில்களில் 4.6 சதவீதம். கேட்டால் தூக்கிவாரிப் போடும்தான். ஆனால் அந்த டொக்டர்மார் சம்பளமில்லாமல், கிடைத்த நேரத்தில், ஐம்பது சொல்லில் பதில் எழுதிப்போட்டவர்கள். இயந்திரம் அதைப்போல நாலு மடங்கு எழுதியது. யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை, வாசலில் வரிசை நிற்கவில்லை, புள்ளி போட்டவர்களும் கேள்வி கேட்ட நோயாளிகள் இல்லை. இயந்திரத்துக்கு நீளமாகவும் பணிவாகவும் எழுதத் தெரியும் என்பதற்கு அது சாட்சி. உங்கள் பிள்ளைகளுக்கு அது பரிவு படிப்பிக்கும் என்பதற்குச் சாட்சி இல்லை.

படிப்பிக்க விட்டால் என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். "உங்கள் வேதனையை என்னால் முழுமையாகப் புரிந்துகொள்ள முடிகிறது அம்மா, இது மிகவும் கடினமான காலம்" என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டு வந்து நிற்பார்கள். எங்கள் சனம் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, மீளக்குடியேறி, எத்தனை நிறுவனங்களின் எத்தனை படிவங்களுக்கு முன்னால் இருந்து எழும்பி வந்தது! பாடமாக்கிய அனுதாபத்தை அவர்கள் வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுவார்கள். அதைவிட எரிந்து விழும் மிஸ்ஸியே பரவாயில்லை என்று ஆகிவிடும்.

சரி, மூத்தவர்களின் சிரிப்புக்கு வருவோம். பொய் நோயாளியை வைத்துப் பழகுவது புது விஷயமே இல்லை. 1963இலேயே ஹவர்ட் பரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நல்ல சுகமான ஆட்களுக்கு நோயாளி வேடம் போட்டு மருத்துவ மாணவர்களுக்கு முன்னால் இருத்தினார். இன்று உலகம் முழுக்க மருத்துவப் பரீட்சைகளில் அப்படி ஆட்கள் இருக்கிறார்கள். அந்த ஆட்களைப் பழக்கிக் கூலி கொடுக்க எங்கள் ஆஸ்பத்திரிகளில் வழியில்லை என்பதால், பயிற்சி வகுப்பில் பக்கத்துக் கதிரையில் இருக்கும் சிநேகிதியைத்தான் நோயாளியாக்குகிறோம். இரண்டாவது நிமிடத்தில் இரண்டு பேரும் சிரித்துவிடுவார்கள், அத்தோடு பயிற்சி முடிந்தது. இயந்திரம் சிரிக்காது. எத்தனை தரம் பிழைவிட்டாலும் அலுக்காது, முக்கியமாகத் தேத்தண்ணி அறையில் போய்க் கதை சொல்லாது. ஒரு பிள்ளை இரவுக் கடமை முடிந்து வீட்டில் இருந்து, ஒரே நோயாளியோடு முதலில் ஏசிப் பார்க்கலாம், பிறகு கெஞ்சிப் பார்க்கலாம், பிறகு ஒன்றும் சொல்லாமல் இருந்து பார்க்கலாம். உண்மையான நோயாளியிடம் இந்தப் பரிசோதனையைச் செய்ய ஏலாது. இயந்திரத்தின் பெறுமதி எனக்குத் தெரிந்து இதில்தான் இருக்கிறது.

பலன் இருக்கிறதா என்று கேட்பீர்கள். எழுத்தில் நடக்கும் உரையாடலுக்கு ஓரளவு இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் மனக்கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு இணையத்தில் ஆறுதல் எழுதும் 300 தன்னார்வலர்களை வைத்து ஒரு சோதனை செய்து 2023இல் வெளியிட்டார்கள். எழுதும்போது செயற்கை நுண்ணறிவின் யோசனை கிடைத்தவர்களின் பதிலில் பரிவு 19.6 சதவீதம் கூடியிருந்தது. ஆறுதல் சொல்வது தங்களுக்குக் கஷ்டம் என்று தாங்களே சொன்னவர்களிடம் 38.9 சதவீதம். எடுப்பதா விடுவதா என்று தீர்மானித்தது மனிதர்தான், இயந்திரம் பக்கத்தில் நின்றது. விடுதியில் கட்டிலருகே நின்று கதைப்பதற்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாது என்றாலும், தடுமாறுகிறவர்களுக்குத்தான் கூடிய உதவி என்ற விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் விடுதியில் முறைப்பாடு வாங்குகிற பிள்ளையும் பெரும்பாலும் மனம் கெட்ட பிள்ளையாக இராது, என்ன சொல்வதென்று தெரியாத பிள்ளையாகத்தான் இருக்கும்.

இனிச் செய்முறை. சும்மா "நீ ஒரு நோயாளி, என்னோடு கதை" என்று சொன்னால் அது மிக நல்ல நோயாளியாகிவிடும், அதுதான் சிக்கல். ஒரு அன்பான வார்த்தை சொன்னவுடன் முழுக் கதையையும் கொட்டி, நன்றியும் சொல்லி, "நீங்கள் மிக அருமையாகக் கேட்டீர்கள்" என்று பாராட்டும் தரும். அப்படி ஒரு அம்மாவை நீங்கள் கிளிநொச்சியில் கண்டிருக்கிறீர்களா? மல்லாவியில்? எங்கள் அம்மாமார் "ஒண்டுமில்லைப் பிள்ளை" என்பார்கள், அதற்குள்தான் எல்லாம் இருக்கும். ஆகவே நோயாளியை நீங்கள்தான் எழுதிக் கொடுக்கவேண்டும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"நீ 62 வயது அம்மா. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறாய். சீனி வருத்தத்துக்குக் காலையும் இரவும் இன்சுலின் ஊசி. இரவு ஊசியை நீ போடுவதில்லை. ஒருநாள் இரவு சீனி குறைந்து பயந்துவிட்டாய். இதை நீயாகச் சொல்லாதே. தாதி ஏசினால் 'போடுறன் பிள்ளை' என்று மட்டும் சொல். ஒரு கேள்வி அன்பாக வந்தது என்பதற்காக எல்லாவற்றையும் சொல்லிவிடாதே, பொறுமையாகக் கேட்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல். ஒரு தரத்தில் ஒரு வரிதான். நான் மூன்று புள்ளி மட்டும் போட்டால் பேசாமல் பக்கத்தில் இருக்கிறேன் என்று எடுத்துக்கொள். என்னைப் பாராட்டாதே, எனக்கு ஆலோசனை சொல்லாதே."

அதோடு எங்கள் பக்கத்துப் பேச்சில் ஒரு பத்து வரி மாதிரிக்கு எழுதிப் போடுங்கள், இல்லாவிட்டால் அம்மா சென்னைத் தமிழில் கதைப்பார், பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். இப்போது பயிற்சி இப்படிப் போகும்:

— அம்மா, சீனி 320 நிக்குது. ஊசி ஒழுங்காப் போடுறீங்களோ?
— போடுறன் பிள்ளை.
— போட்டா எப்பிடி இவ்வளவு கூடும்? உண்மையைச் சொல்லுங்கோ.
— போடுறன் பிள்ளை.

இதற்கு மேல் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. கொப்பியில் "மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை" என்று எழுதுவார், டொக்டர் அளவைக் கூட்டுவார். அடுத்த தரம்:

— விடியப் பஸ்ஸிலயோ அம்மா வந்தனீங்கள்? சாப்பிட்டீங்களோ?
— இல்லைப் பிள்ளை. இரத்தம் குடுக்கவேணுமெண்டு வெறும் வயித்தோட வந்தனான்.
— ஊசி போடுறதில எந்த நேரத்து ஊசி கரைச்சலா இருக்கு?
— கரைச்சலெண்டில்லை...
— ...
— இரவு ஊசிதான். அண்டைக்கு வேர்த்துக் கொட்டிக் கைகால் நடுங்கினது. வீட்டில ஒருத்தரும் இல்லை. அதுக்குப் பிறகு பயமாக் கிடக்கு.

இரண்டாவது தரத்தில் அந்தப் பிள்ளை ஆறுதலாக ஒரு சொல்லும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? பஸ்ஸைக் கேட்டார், எந்த நேரத்து ஊசி என்று கேட்டார், ஒருமுறை பேசாமல் இருந்தார். கிடைத்ததோ முழுக்க முழுக்க மருத்துவத் தகவல்: இரவில் சீனி இறங்குகிறது, அளவைக் கூட்டினால் ஆபத்து, டொக்டரிடம் உடனே சொல்லவேண்டும். பரிவு என்பது நேரம் மிஞ்சினால் செய்யும் உபசாரம் என்று நினைக்கிற மூத்தவர்களுக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அமெரிக்காவில் பிலடெல்பியாவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியினர் 891 நீரிழிவு நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து 2011இல் எழுதினார்கள்: பரிவு அளவுகோலில் கூடிய புள்ளி எடுத்த டொக்டர்மாரின் நோயாளிகளில் 56 சதவீதமானவர்களுக்குச் சீனி நல்ல கட்டுப்பாட்டில் இருந்தது, குறைந்த புள்ளிக்காரரின் நோயாளிகளில் 40 சதவீதம். அதனால்தான் இது நடந்தது என்று அடித்துச் சொல்ல அந்த ஆய்வு போதாது, ஆனால் மேலே உள்ள அம்மாவைப் பார்த்தால் ஏன் என்பது விளங்கும்.

பேசாமல் இருப்பதைப் பழக்குவதுதான் இந்தப் பயிற்சியில் கடினம். 1984இல் பெக்மன், பிராங்கல் என்ற இருவர் டொக்டர்மாரின் உரையாடல்களைப் பதிவுசெய்து கேட்டுப் பார்த்தபோது, நோயாளி தன் வருத்தத்தைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடியில் டொக்டர் குறுக்கிட்டிருந்தார். நாற்பது வருடம் போய்விட்டது, எங்கள் கிளினிக்கில் அந்தப் பதினெட்டு விநாடி கிடைத்தாலே சனம் சந்தோஷப்படும். எழுத்தில் பழகும்போது மூன்று புள்ளி போடுவது கொஞ்சம் விளையாட்டாகத் தெரியும், செய்யட்டும். கை கேள்வி எழுதத் துடிப்பதை அவர்களே உணர்வார்கள். போனில் குரலில் கதைத்துப் பழக நினைத்தால் ஒன்று கவனிக்கவேண்டும்: நீங்கள் சற்று மௌனமானதும் இயந்திரம் உங்கள் முறை முடிந்தது என்று நினைத்துப் பேசத் தொடங்கிவிடும். மௌனத்தை எழுத்திலும், தொனியைக் குரலிலும் பழகுங்கள்.

முடிந்ததும் "எனக்குப் பத்துக்கு எத்தனை?" என்று கேட்கவேண்டாம். எட்டு, ஒன்பது என்று அள்ளிக் கொடுக்கும். கேட்கவேண்டியது நோயாளியிடம் கேட்பதுபோல ஒரு கேள்வி: "எந்த இடத்தில் உனக்குச் சொல்ல மனம் வந்தது, எந்த இடத்தில் வாயை மூடினாய்?" அது சொல்லும் பதிலும் ஒரு கற்பனைதான், வேதவாக்கு இல்லை. அந்த உரையாடலை அச்செடுத்து நாலு பேர் மேசையில் வைத்துக்கொண்டு "இந்த இடத்தில் நீங்களென்றால் என்ன கேட்பீர்கள்?" என்று கதைக்கும்போதுதான் படிப்பு நடக்கும். அந்த மேசையில் வாத்தியார் நீங்கள். மருந்தின் அளவு, சிகிச்சை பற்றி இயந்திரம் ஏதாவது சொன்னால் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

இனி இயந்திரத்துக்குத் தெரியாத விஷயம். விடுதியில் அனுமதிக்கும்போது நாங்கள் சாதாரணமாகக் கேட்கிற கேள்வி, "பிள்ளைகள் எத்தனை பேர்?" வேறு ஊரில் இது பெயர், வயது மாதிரி ஒரு கேள்வி. வன்னியில் ஒரு தாய் இதற்குப் பதில் சொல்லத் தயங்குவதை நீங்கள் எத்தனை தரம் கண்டிருப்பீர்கள். 2009இல் காணாமல்போன பிள்ளையைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா? மூன்று என்றால் அவனை விட்டுவிட்டதாகிவிடும், நாலு என்றால் "நாலாவது ஆள் என்ன செய்யிறார்?" என்று அடுத்த கேள்வி வரும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டு வீதியோரம் அவர்களின் படங்களோடு போராட்டத்தில் குந்திய தாய்மார்தான் உங்கள் பிரசர் கிளினிக்கிலும் வரிசையில் இருக்கிறார்கள். இயந்திரத்திடம் இந்தத் தயக்கத்தைச் சொன்னால் அது ஆறுதல் பந்தி ஒன்று எழுதித் தரும். அது வேண்டாம். "கவலைப்படாதேங்கோ" வேண்டாம், "எல்லாருக்கும் நடந்ததுதானே" என்பது வேண்டவே வேண்டாம். "எத்தனையெண்டு எழுத, அம்மா?" என்று கேட்டுவிட்டு அவர் சொல்வதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். உண்மையில் எங்களுக்குத் தெரியவேண்டியது எண்ணிக்கையே இல்லை, வீட்டுக்குப் போனால் பார்க்க ஆள் இருக்கிறதா என்பதுதான். அப்படியென்றால் "ஆஸ்பத்திரிக்கு உங்களோட ஆர் வந்து போவினம்?" என்று அதையே கேட்டுவிடலாம். இந்த மாதிரி ஒரு நோயாளியையும் எழுதுங்கள். ஆனால் முதல் வாரத்தில் வேண்டாம்.

ஏனென்றால் உங்கள் பிள்ளைகளும் வெளியிலிருந்து வந்தவர்கள் இல்லை. இப்போது இருபத்தைந்து, முப்பது வயதில் வேலைக்கு வருகிறவர்கள் 2009இல் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பங்கருக்குள் இருந்தவர்கள், தகப்பனை இழந்தவர்கள், அண்ணனைத் தேடுகிறவர்கள் அவர்களுக்குள்ளும் இருப்பார்கள். எரிந்து விழுவதுகூடச் சிலருக்கு, கேட்டால் தாங்கமாட்டேன் என்பதற்காகப் போட்டுக்கொண்ட கதவாக இருக்கலாம். இழப்புச் சம்பந்தப்பட்ட கதையை ஒரு பிள்ளை இரவில் தனியாக இருந்து போனில் பழகக்கூடாது. பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, எந்த நிமிடமும் நிறுத்தலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நிறுத்துகிற பிள்ளையைப் பிறகு தனியாகக் கண்டு, தேவையென்றால் உங்கள் மாவட்ட மனநலப் பிரிவோடு தொடர்புபடுத்துங்கள்.

சிங்களம் பேசும் டொக்டர்மாரும் தாதிமாரும் உங்களிடம் இருப்பார்களே, அவர்களுக்கு இது நல்ல உதவி. "எங்க நோகுது?" என்ற அளவில் தமிழ் தெரிந்தவர்கள் முதல் ஐந்து நிமிட உரையாடலை இயந்திரத்தோடு பழகலாம், தெரியாத வார்த்தையைச் சிங்களத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். உச்சரிப்பைத் திருத்த மட்டும் ஒரு தமிழ்ப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்துங்கள். இரண்டு பேருக்கும் நல்லது.

அப்புறம், இதில் விட்டுக்கொடுப்பே இல்லை: உண்மையான நோயாளியை உள்ளே போடக்கூடாது. பெயர், கட்டில் இலக்கம், கிளினிக் கொப்பியின் படம் எதுவும் வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலைத் தனி வகையாகவே வைத்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், வன்னி சின்ன இடம். "மூன்று பிள்ளைகளின் தாய், கணவர் கடற்றொழில், இன்ன கிராமம்" என்று எழுதினால் பெயர் எழுதியதற்குச் சமம்தான். மூன்று நாலு பேரின் கதையைக் கலந்து ஒரு புது ஆளை உருவாக்குங்கள், ஊரை மாற்றுங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். முறைப்பாடு வருவது எந்த நேரத்தில்? பார்வையாளர் நேரத்திலா, இரவுக் கடமையிலா, ஒருவர் இரண்டு பேரின் வேலை செய்யும் நாட்களிலா? கடமைப் பட்டியலையும் முறைப்பாட்டுத் திகதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் குவிந்தால் அது பயிற்சிக்குரிய விஷயம் இல்லை, நிர்வாகத்துக்கு எழுதவேண்டிய விஷயம். ஆள் இல்லாத விடுதியில் நிற்கிற பிள்ளையிடம் பரிவாகக் கதை என்று வகுப்பு எடுப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம், அதற்கு நான் துணைபோகமாட்டேன்.

அது இல்லையென்றால் தொடங்குங்கள். பணம் கட்டும் கணக்கு ஒன்றும் தேவையில்லை, இலவசமாகக் கிடைப்பதே ஆரம்பத்துக்குக் காணும். சிரிக்கிற மூத்தவர்களைப் பயிற்சிக்கு இருத்தவேண்டாம், அவர்கள் கையில் பேனையைக் கொடுங்கள். மருந்தைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுக் குடித்தேன் என்று சொல்லும் ஐயா, மருமகளுக்கு முன்னால் ஒன்றும் சொல்லாத அம்மா, டொக்டரிடம் "சுகம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து சிற்றூழியரிடம் நெஞ்சுநோவைச் சொல்லும் ஆள், எல்லாரும் அவர்களுக்குத்தான் தெரியும். ஆளுக்கு ஒரு நோயாளியை எழுதித் தரச் சொல்லுங்கள், சிற்றூழியரையும் குடும்பநல உத்தியோகத்தரையும் சேர்த்துக் கேளுங்கள். முதல் மூன்று நோயாளிகளும் எழுதி முடிந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், அறிவுறுத்தலில் எங்கே இயந்திரம் நழுவும் என்று பார்த்துத் திருத்தித் தருகிறேன்.